ஐரிஸ்: வானவில்லின் பெயர்

மேலைநாடுகளில் இன்றும் பெண்குழந்தைகளுக்குச் சூட்டப்படும் ஐரிஸ் என்னும் பெயர், வானவில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகும். பண்டைக் கிரேக்கர் வானவில்லையே ஒரு தேவதையாக உருவகித்து, தெய்வங்களின் தூதியாக அவளைப் போற்றினர். ஹோமரின் இலியட் காவியத்தில், சியுஸ் முதலிய தெய்வங்களின் கட்டளைகளை விரைந்து சென்று அறிவிப்பவள் இவளே. கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த ஹீசியட் என்னும் புலவர், தெய்வங்களின் பிறப்பு வரிசையைக் கூறும் தியோகனி என்ற நூலில், தௌமாஸ் என்னும் கடல்தெய்வத்துக்கும் எலெக்ட்ராவுக்கும் பிறந்த மகளென இவளைக் குறிப்பிடுவதோடு, தேவர்களிடையே பூசல் எழும்போது, அவர்கள் சத்தியம் செய்வதற்கென ஸ்டிக்ஸ் என்னும் பாதாள ஆற்றின் குளிர்ந்த நீரைப் பொற்குடத்தில் முகந்து வருபவளாகவும் காட்டுகிறார்.

பல நிறங்களில் பூக்கும் ஐரிஸ் மலரும், கண்ணின் பாவையைச் சூழ்ந்து கண்ணுக்கு நிறமளிக்கும் படலத்தின் ஆங்கிலப் பெயரும் இச்சொல்லின் வழிவந்தவையே. 1803இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஸ்மித்சன் டெனன்ட் தாம் கண்டறிந்த உலோகத்தின் உப்புகள் பல வண்ணங்களைக் காட்டியமையால், இத்தேவதையின் பெயரைத் தழுவி அதற்கு இரிடியம் என்று பெயரிட்டார்.