தலைப்பிரட்டையின் முதல் உணவு

மழைக்குப் பின் தேங்கிய குட்டையிலிருந்து வீட்டிற்குக் கொண்டுவரப்படும் தவளை முட்டைகள் நன்றாகவே பொரித்து, ஒரு வாரத்திற்குள் குஞ்சுகள் அனைத்தும் மடிந்துபோவதற்குப் பெரும்பாலும் பட்டினி காரணமாவதில்லை. இரக்கத்தால் அள்ளி இடப்படும் உணவும், அது அழுகிக் கெடுக்கும் நீருமே காரணமாகின்றன. தலைப்பிரட்டை வளர்ப்பில் முதலில் பேணப்பட வேண்டியது நீர். உணவு அதற்கு அடுத்ததே.

தமிழகத்தில் வீட்டில் வளர்த்துப் பார்ப்பதற்கு ஏற்றது, தோட்டங்களிலும் தெருவிளக்குகளின் அடியிலும் பூச்சி பிடித்துத் திரியும் சாதாரணத் தேரையே ஆகும். மரத்தவளை நீருக்கு மேலுள்ள கிளைகளில் நுரைக்கூடு கட்டி முட்டையிடுகையில், தேரை மட்டும் கண்ணாடி போன்ற பசைக்குழலுக்குள் கறுப்பு முட்டைகள் வரிசையாக அமைந்த நீண்ட சரங்களை நீர்ச்செடிகளில் சுற்றி இடுவதால், அதன் முட்டைகளை இனங்காண்பது எளிது. ஒரு தேரை ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்றாலும், வீட்டிற்கு ஒரு விரல் நீளச் சரமே போதுமானது. தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் எந்த உயிரையும் எடுத்துவர 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடந்தருவதில்லை என்பதையும், சில தவளை இனங்கள் எங்கிருப்பினும் அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் ஓரிரு நாள்களில் பொரித்து வெளிவரும் குஞ்சு, பார்வைக்கு உயிரற்ற கறுப்புத் துணுக்கைப் போலத் தோன்றும். அதன் தலையின் அடிப்புறத்தில் பசை சுரக்கும் ஓர் உறுப்பு இருப்பதால், வெறுமையான பசைக்குழலிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு அசையாமல் தொங்கும். மூச்சுவிடுவதற்குத் தலையின் இருபுறமும் சிறு தூவிகளாக நீட்டியிருக்கும் புறச்செவுள்களே அதற்குத் துணை. இந்த நிலையில் அதற்கு வாய் திறந்திருப்பதில்லை. முட்டையிலிருந்து எஞ்சி வயிற்றில் தங்கியிருக்கும் மஞ்சள்கருவே சில நாள்களுக்கு அதன் முழு உணவாகும். வாயில்லாத உயிருக்கு முன் போடப்படும் எந்த உணவும் நீரில் அழுகி நுண்ணுயிர்களைப் பெருக்குவதன்றி வேறு பயன் தருவதில்லை. ஆகையால் குஞ்சுகள் பிடியை விட்டுத் தாமாக நீந்தி, கலத்தின் சுவர்களைக் கொறிக்கத் தொடங்கும் வரை எதையும் இடாமல் காத்திருப்பதே முதல் விதி.

வாய் திறந்த பின் காணப்படும் அமைப்பு வியப்புக்குரியது. நம் நகத்தை ஆக்கியிருக்கும் கெரட்டின் என்ற பொருளாலான சிறு அலகும், அதைச் சுற்றி வரிசை வரிசையாக நுண்பற்களும் தோன்றுகின்றன. இவற்றால் கற்களிலும் இலைகளிலும் படிந்த பாசியைச் சுரண்டி எடுத்து, சுருள்சுருளாக மடிந்த நீண்ட குடலில் தலைப்பிரட்டை செரிக்கிறது. எனவே வெயிலில் வைத்துப் பாசி படரவிட்ட ஒரு கூழாங்கல்லை விடச் சிறந்த முதல் உணவு அதற்கில்லை. பாசி போதாதபோது, பூச்சிமருந்து நீங்கக் கழுவி, குழைய வேகவைத்து ஆறவிட்ட லெட்டூஸ் இலையையோ வெள்ளரித் துண்டையோ சிறிதளவு இடலாம். பலரும் முதலில் நாடுவது பாலக்கீரையைத்தான். ஆனால் அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதியாக உள்ளதால், அதையே தொடர்ந்து உண்ட தலைப்பிரட்டைகளின் சிறுநீரகங்களில் கற்கள் உண்டானது ஆய்வுக்கூடங்களில் பதிவாகியுள்ளது. அதே அமிலம் நிறைந்த முளைக்கீரையையும் அன்றாட உணவாக்காமல் இருப்பது நல்லது. வளர வளரப் புரதமும் தேவைப்படுவதால், மீன்தொட்டிகளுக்கென விற்கப்படும் உணவை ஒரு சிட்டிகை பொடித்து இடையிடையே தூவலாம். அவித்த முட்டையின் மஞ்சள்கரு சத்துள்ளதே என்றாலும் நீரை மிக விரைவாகக் கலக்கிக் கெடுக்கும், தவிர்ப்பதே மேல். சில மணி நேரத்தில் தின்று தீராத எதையும் அன்றே அகற்றிவிட வேண்டும்.

தலைப்பிரட்டைகள் அனைத்தும் இவ்வாறு பாசி சுரண்டி வாழ்வன அல்ல. குறுவாய்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளுக்கு அலகோ நுண்பற்களோ கிடையா. கண்ணாடி போன்ற உடலுடன் நடுநீரில் மிதந்தபடி, நீரிலுள்ள நுண்துகள்களை வடிகட்டி உண்ணும் அவற்றுக்குக் கீரைத் துண்டால் பயனில்லை. வயல்களில் பெருங்குரல் எழுப்பும் காளைத் தவளையின் தலைப்பிரட்டையோ ஊனுண்ணி; தேரைக் குஞ்சுகளுடன் ஒரே கலத்தில் விடப்பட்டால் அவற்றை ஒன்றொன்றாகத் தின்றுவிடும். இனம் தெரியாத குஞ்சுகளை வலைபோட்டு அள்ளி ஒன்றாகக் கொட்டுவது அதனால்தான் தவறாகிறது. தேரைக் குஞ்சுகள் ஒரு மூலையில் கூட்டமாக நெருங்கி நிற்பதைக் கண்டு நோயென்று அஞ்ச வேண்டியதில்லை. உடன்பிறந்தவற்றை அடையாளங்கண்டு அவற்றுடன் சேரும் இயல்பு இவற்றுக்கு உண்டென்பதைத் தார்வாடிலுள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் எஸ்.கே. சைதாப்பூரும் அவரோடு பணியாற்றியவர்களும் ஆய்ந்து காட்டியுள்ளனர்.

கலத்தைப் பொறுத்தவரை, ஆழமான குடத்தை விட அகன்ற கண்ணாடித் தொட்டியோ பிளாஸ்டிக் தட்டமோ ஏற்றது. நீர்ப்பரப்பு அகலமாக இருந்தால்தான் காற்றிலுள்ள பிராணவாயு போதிய அளவில் நீரில் கரையும். செம்பிலிருந்து நீரில் கரையும் உலோகம் தலைப்பிரட்டைக்கு நஞ்சாதலால் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் அறவே ஆகா. குழாய்நீரில் கிருமிநீக்கத்திற்கெனக் கலக்கப்படும் குளோரின் மெல்லிய செவுள்களை அரித்துவிடும் என்பதால், நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். மழைநீரோ, முட்டை கிடைத்த குட்டையின் நீரோ இருந்தால் இன்னும் நல்லது. தலைப்பிரட்டை தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. நிலத்திற்கு ஏறும் பருவத்தில்தான் அது யூரியாவாக மாற்றிக் கழிக்கும் திறனைப் பெறுகிறது. அம்மோனியா செறிந்த நீர் தெளிவாகத் தோன்றினாலும் கொல்லக்கூடியது. ஆகவே ஒரு மெல்லிய குழாயால் அடியில் தங்கிய கசடை உறிஞ்சி, மூன்றில் ஒரு பங்கு நீரை இரண்டு நாள்களுக்கு ஒருமுறை மாற்றிவர வேண்டும்; முழு நீரையும் ஒரேயடியாக மாற்றினால் வெப்பநிலை திடீரென மாறி அதுவே தீங்காகும். கலத்தை நண்பகல் வெயில் நேராகப் படும் இடத்தில் வைத்தலும், சோப்போ கொசுவிரட்டிக் களிம்போ படிந்த கையை நீரில் இடுதலும் கூடா.

தேங்கிய நன்னீர்க் கலம் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் இடம் என்பதை எவரும் மறக்கலாகாது. தேரைக் குஞ்சுகள் கொசுப்புழுக்களைத் தின்று தீர்த்துவிடும் என்று நம்பியிருக்க இயலாது. கலத்தின் வாயை நெருக்கமான கொசுவலையால் இறுக்கிக் கட்டுவது கட்டாயம்.

உருமாற்றம் என்பது உணவால் மட்டும் நடப்பதன்று. 1912இல் குடர்நாட்ச் என்ற அறிஞர், விலங்குகளின் தைராய்டு சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்கு உணவாகக் கொடுத்தபோது, அவை வளர்ச்சி பெறாமலேயே கால் முளைத்து மிகச் சிறிய தவளைகளாக மாறின. சில ஆண்டுகளில் பென்னட் ஆலன், அச்சுரப்பி நீக்கப்பட்ட தலைப்பிரட்டைகள் தவளையாகாமல் தலைப்பிரட்டைகளாகவே பெருத்துப்போவதைக் காட்டினார். தைராய்டு சுரக்கும் ஹார்மோனே இம்மாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது.

தேரைக் குஞ்சுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில், முதலில் பின்னங்கால்களும் பிறகு முன்னங்கால்களும் வெளிப்படும். முன்னங்கால் தோன்றியதும் அலகு உதிர்ந்து, பாசி செரித்த நீண்ட குடலும் குறுகத் தொடங்குவதால் அது எதையும் உண்பதில்லை. உடல் உள்ளிழுத்துக் கரைத்துக்கொள்ளும் வாலே அப்போது அதற்கு உணவு. மீண்டும் வாயில்லாத நிலை வந்துவிட்டதென்றே இதைக் கொள்ளலாம். உணவிடுவதை இங்கும் நிறுத்த வேண்டும். ஏறி அமர ஒரு சாய்ந்த கல்லும் மிகக் குறைந்த நீரும் இல்லையென்றால், நீரிலேயே பிறந்து வளர்ந்த அந்த உயிர் நீரில் மூழ்கி இறக்க நேரிடும்.

வெளிவரும் குட்டித்தேரை ஒரு சென்டிமீட்டரைக் கூட எட்டாதது. உயிருள்ள மிக நுண்ணிய பூச்சிகளை மட்டுமே பிடித்துத் தின்னும் அதை வீட்டில் வளர்ப்பது கடினமாதலால், உடனே விட்டுவிடுவதே முறை. தலைப்பிரட்டையின் வாயுறுப்புகளிலும் தவளையின் தோலிலும் உள்ள கெரட்டினைத் தாக்கி, உலகின் பல பகுதிகளில் தவளையினங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை 1999இல் அறிவியலாளரால் விவரிக்கப்பட்டது. அது நீர்வழியே பரவுவது. ஆகையால் வளர்ப்பவர்கள் தேரைகளை முட்டை எடுத்த அதே குட்டையின் கரையிலேயே விட்டு, கலத்தின் நீரை எந்த நீர்நிலையிலும் கொட்டாமல் காய்ந்த மண்ணில் ஊற்ற வேண்டும்.