வெட்டினாலும் வெளியேறாத காய்கள்

சதுரங்கத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் வெட்டுப்பட்ட காய் பலகையை விட்டுப் போய்விடும். தொடக்கத்திலேயே நான்கைந்து காய்களை இழந்த குழந்தை, ஆட்டம் முடியும் முன்பே ஆர்வம் இழந்துவிடுகிறது. இதற்கு மாற்றாக ஏழாம் வகுப்பில் நான் பயன்படுத்தும் ஆட்டம் லாஸ்கா. 1894 முதல் 1921 வரை உலகச் சதுரங்க வாகையராக இருந்த ஜெர்மானியக் கணித அறிஞர் இம்மானுவேல் லாஸ்கர் 1911இல் உருவாக்கியது.

தேவையானவை

7×7 கட்டங்கள் வரைந்து, மூலையிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக வண்ணமிட்டால் 25 வண்ணக் கட்டங்கள் கிடைக்கும். அவற்றில் மட்டுமே ஆட வேண்டும். பழைய அட்டையில் ஐந்து ரூபாய் நாணய அளவில் சிவப்பு 11, நீலம் 11 வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் வண்ணமிட்டு, ஒரு பக்கம் நட்சத்திரம் வரையுங்கள். நட்சத்திரம் கீழே இருக்குமாறு, இருவரும் தத்தம் பக்கத்து மூன்று வரிசைகளில் 4, 3, 4 என அடுக்க வேண்டும்.

விதிகள்

1. காய் மூலைவாக்கில் முன்னோக்கி ஒரு கட்டம் நகரும்.

2. எதிரே அடுத்த வண்ணக் கட்டத்தில் எதிரியின் காய் இருந்து, அதற்கு நேர் அப்பால் காலியாக இருந்தால் தாண்டி வெட்ட வேண்டும். வெட்டுவது கட்டாயம். தொடர்ந்து வெட்ட முடிந்தால் அதே முறையிலேயே வெட்ட வேண்டும்.

3. வெட்டிய காயை வெளியே எடுக்கக் கூடாது. நம் காயின் அடியில் வைக்க வேண்டும். அந்த அடுக்கு ஒன்றாகவே நகரும். உச்சியில் இருக்கும் வண்ணத்தாருக்கே அடுக்கு சொந்தம்.

4. அடுக்கைத் தாண்டினால் அதன் உச்சிக் காய் மட்டுமே பிடிபடும். மீதி அங்கேயே நிற்கும்.

5. எதிர்க் கடைசி வரிசையை அடைந்த உச்சிக் காயைத் திருப்பி நட்சத்திரம் தெரிய வைக்க வேண்டும். அத்துடன் அந்த முறை முடியும். இனி அது பின்னோக்கியும் நகரும், வெட்டும். பிடிபட்டாலும் நட்சத்திரம் போகாது.

6. தம் முறையில் நகர்த்த வழியில்லாதவர் தோற்றவர்.

நான்காம் விதிதான் ஆட்டத்தின் உயிர். ஒரு சிவப்புக்கு அடியில் இரண்டு நீலம் இருப்பதாகக் கொள்வோம். நீலம் அந்தச் சிவப்பைப் பிடித்தால், அடியில் இருந்த இரண்டு நீலமும் விடுதலையாகி, அடுக்கே நீலத்தாருக்கு வந்துவிடும். கைதிகள் பலர், காவலர் ஒருவர் என்றால் உயரமான அடுக்கும் பலவீனமே.

வகுப்பறையில்

விதிகளை ஒரே நாளில் சொல்லாமல், முதல் நாள் முதல் நான்கை மட்டும் விளையாட வைக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணச் சொல்கிறேன். 22 இல்லையென்றால் எங்கோ விதி தவறியிருக்கிறது. அதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். ‘25 கட்டங்களில் எத்தனை காலி?’ என்ற கேள்விக்குத் தொடக்கத்தில் 3 என்பது விடை. அடுக்குகள் எழ எழ விடை மாறுவதைக் குறித்துவைத்தால் அதுவே கழித்தல் அட்டவணை.

இரண்டே அடுக்குகள் மிஞ்சிய ஒரு மாணவியிடம், விட்டுவிடலாமா என்று கேட்டேன். எதிராளியின் அடுக்குகளைக் காட்டி, “என் காய் நாலு அதுக்குள்ள இருக்கு சார்” என்றாள். இழந்ததை எண்ணாமல், மீட்க முடிந்ததை எண்ணும் அந்தப் பார்வைக்காகவே இந்த ஆட்டத்தை உங்கள் வகுப்பிலும் முயன்று பாருங்கள்.