பட்டம் பெற்ற பிள்ளையும் பெற்றோர் வீடும்

அமெரிக்க தேசத்தில், பதினெட்டுப் பிராயம் நிறைந்த பிள்ளை வீட்டை விட்டுப் புறப்பட்டுச் சர்வகலாசாலை விடுதிக்குப் போவதும், பட்டம் பெற்றபின் தன் சம்பாத்தியத்தில் தனி ஜாகை பார்த்துக்கொள்வதுமே தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1940ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, 18 முதல் 29 வயது வரையுள்ள அமெரிக்கர்களில் நூற்றுக்கு 48 பேர் பெற்றோருடனேயே வசித்தார்கள். யுத்தத்துக்குப் பின் வந்த சுபிட்சத்தில், நல்ல சம்பளமும் மலிவான வீடும் இளவயது விவாகமும் கைகூடியதனால், 1960இல் அத்தொகை 29 ஆகக் குறைந்தது. பிற்பாடு ஏறிக்கொண்டே வந்து, கொரோனா பரவிய 2020 ஜூலையில் 52ஐ எட்டியது என்று பியூ ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. ஆகவே, தனிக்குடித்தனத்தை அத்தேசத்தின் புராதன தர்மமாகக் கருதாமல், ஓரிரு தலைமுறைக்குக் கிட்டிய பொருளாதார அனுகூலமாகக் கருதுவதே பொருந்தும்.

இன்றைய பட்டதாரியின் நிலைமையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். படிப்புக்காக அரசாங்கத்திடம் வாங்கிய கடனுக்கு, பெரும்பாலும் படிப்பு முடிந்த ஆறு மாதத்தில் தவணை கட்டத் தொடங்கவேண்டும். நியூயார்க் நகரத்து வீட்டுக்காரர்கள் பலர், மாத வாடகையைப் போல் 40 மடங்கு வருஷ வருமானம் உள்ளவருக்கே வீடு என்று நிபந்தனை விதிக்கிறார்கள். 2,000 டாலர் வாடகைக்கு 80,000 டாலர் சம்பளம் வேண்டும். புதிதாக உத்தியோகம் ஏற்றவனுக்கு அவ்வளவு ஏது? ஜாமீன் கையெழுத்துப் போடத் தகப்பனாரைத்தான் அழைக்கவேண்டியிருக்கிறது. 2010ஆம் வருஷச் சட்டமோ, 26 வயது வரை பெற்றோரின் மருத்துவ இன்ஷூரன்ஸில் பிள்ளை நீடிக்க இடங்கொடுக்கிறது. தனி ஜாகைக்காரனும் இவ்விதம் பெற்றோரின் ஆதரவில் நிற்கும்போது, வீட்டோடு இருப்பவனை மாத்திரம் பரிகாசம் செய்வது நியாயமாகாது.

ஆயினும், எதற்காக, எத்தனை காலம் தங்குவது என்பதை இரு தரப்பாரும் முதல் மாதத்திலேயே மனம்விட்டுப் பேசிக்கொள்ளாவிட்டால், பிள்ளை தன்னை அறியாமலே மறுபடியும் பள்ளிச் சிறுவனாகி, துணி துவைப்பதும் சாப்பாடு எடுத்துவைப்பதும் தாயாரின் கடமை என்று இருந்துவிடுவான்; தாயாரும், நள்ளிரவில் வீடு திரும்புகிறவனிடம் விசாரணை நடத்தத் தொடங்குவார். இதை உணர்ந்த சில பெற்றோர், மாதந்தோறும் ஒரு சிறு தொகையை வாடகையென்று வாங்கித் தனியே சேர்த்துவைத்து, பிள்ளை வீடு பார்த்துக்கொண்டு கிளம்பும் சமயத்தில் முன்பணத்துக்கென்று அதை அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

பெற்றோரின் ஊரிலோ அதன் சமீபத்திலோ படிப்புக்கேற்ற உத்தியோகம் அகப்படுமானால், கடன் அடையும்வரை வீட்டோடு இருப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால், உத்தியோகம் தொலைதூரப் பட்டணத்தில் இருக்க, வாடகை மிச்சமாகிறதே என்று ஊரிலேயே தங்கிவிடுகிறவன், மிச்சம் பிடித்ததைவிட இழந்ததே அதிகம் என்பதைச் சில வருஷங்களில் கண்டுகொள்வான்.