காந்தத்தில் ஒட்டும் காசு, ஒட்டாத காசு

பழுதான ரேடியோவின் ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் தோட்டத்து லயங்களில் பல வீடுகளில் கிடக்கும். அதை உண்டியல் காசுக்குள் விட்டுப் பாருங்கள். இலங்கையின் இரண்டு ரூபாய்க் காசுகளில் சில துள்ளிக்கொண்டு ஒட்டும். அதே அளவில், அதே வெள்ளை நிறத்தில் இருக்கும் வேறு சில அசையாது.

அசையாதது கள்ளக் காசா? இல்லை. காசில் உள்ள ஆண்டைப் பாருங்கள். 1984 முதல் 2004 வரை போட்ட இரண்டு ரூபாய், செம்பில் நிக்கலைக் கலந்து செய்தது. 2005இலிருந்து பல ஆண்டுகள் போட்ட காசில் உள்ளே உருக்கு (இரும்பில் சிறிது கரி சேர்ந்தது), மேலே மெல்லிய நிக்கல் பூச்சு. காந்தம் முக்கியமாக இழுப்பது அந்த உருக்கைத்தான்.

நிக்கலையும் காந்தம் இழுக்குமே, பழைய காசு ஏன் ஒட்டவில்லை? நல்ல கேள்வி. இரும்பிலும் தனி நிக்கலிலும் ஒவ்வொரு அணுவும் (பொருளின் மிகச் சிறிய துகள்) ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அவை ஒரே திசைக்குத் திரும்பிச் சேர்ந்து இழுபடும். பழைய காசில் செம்பு அணுக்களே அதிகம். அவை நடுவில் புகுந்துவிட, நிக்கலின் கூட்டு கலைந்துபோகும்.

ஏன் மாற்றினார்கள்? செம்பும் நிக்கலும் விலை கூடியவை, உருக்கு மலிவு.

தேயிலை பெக்டரியிலும் இதே கணக்குத்தான். தூளில் விழுந்த ஆணியையும் இரும்புத் துகளையும் அங்குள்ள காந்தம் பிடித்துவிடும். பித்தளைத் துண்டு விழுந்தால் பிடிக்காது. அதை வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்களுக்கு இதனால் என்ன? நேர்த்திக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்போம் அல்லவா? பதுளைப் பக்கத்து மழை ஈரத்தில், பூச்சு கீறுண்ட உருக்குக் காசு துருவேறித் துணியையும் கறையாக்கும். காந்தத்தில் ஒட்டாத காசுக்கு அந்தத் துரு வராது. புளி போட்டுத் தேய்ப்பது பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. பூச்சுக் காசை அப்படித் தேய்த்தால் பூச்சு தேய்ந்து உருக்கு வெளியே வந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. சின்னக் காந்தங்களைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். இரண்டை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட குடலை நசுக்கும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.