பத்து போல்ட்டா, பதினாலு போல்ட்டா? பழைய பிக்கப் டிரக்கின் பின்பக்க ரகசியம்!

பழைய பிக்கப் டிரக்கின் பின்னால் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உருண்டையாக ஓர் இரும்புக் கூடு தெரியும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதைச் செல்லமாக 'பூசணிக்காய்' என்பார்கள். அதுதான் டிஃபரன்ஷியல். இன்ஜினிலிருந்து வரும் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடுவதும், வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற வழிவிடுவதும் இதன் வேலை.

இதில் பேரிங், ஆயில் சீல், கிரவுன் பினியன் என எது போனாலும், கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சைஸ்?" என்பதுதான். மாடலையும் வருடத்தையும் மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் கம்பெனியே இரண்டு, மூன்று சைஸ் போட்டிருக்கும். 30, 40 வருடம் ஓடிய வண்டியில் முன்பு வைத்திருந்தவர் ஆக்ஸிலையே மாற்றியிருக்கவும் கூடும். சைஸ் தவறினால் வாங்கிய பாகம் பொருந்தாது, காசு வீண்.

சைஸ் என்றால் எது?

வெளிக்கூட்டின் அளவு அல்ல. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம். கூட்டைப் பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம்.

மூடியைப் பாருங்கள்

மண்ணையும் ஆயில் பிசுக்கையும் துடைத்துவிட்டு, பின்மூடியின் போல்ட்டுகளை எண்ணுங்கள். 1970-களின் ஷெவர்லே அரை டன் பிக்கப்பில் 10 போல்ட் என்றால் பொதுவாக 8.5 இன்ச், 12 போல்ட் என்றால் 8.875 இன்ச்.

ஆனால், எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. சிறிய எஸ்-10 பிக்கப்பிலும் 10 போல்ட்தான்; உள்ளே இருப்பதோ 8 இன்ச்சுக்கும் குறைவு. 14 போல்ட்டிலும் 9.5 இன்ச், 10.5 இன்ச் என இரண்டு உண்டு. பின்சக்கரத்தின் நடுவே ஹப் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அது பெரும்பாலும் 10.5.

ஃபோர்டு எஃப்-150 வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். பின்னால் மூடியே இல்லாமல் வழவழவென்று இருந்தால், 1986 வரை வந்த புகழ்பெற்ற 9 இன்ச். அதைக் கழற்ற வேண்டுமானால் முன்பக்கமாகத்தான் கழற்ற வேண்டும். 10 போல்ட் மூடி இருந்தால் 8.8 இன்ச்.

தகடும் ஸ்டிக்கரும்

ஃபோர்டு மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்கும். அதில் '3எல்73' என்றிருந்தால் விகிதம் 3.73, நடுவில் உள்ள 'எல்' லிமிடெட் ஸ்லிப் வகையைக் குறிக்கும். ஷெவர்லேயில் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஸ்டிக்கர் இருக்கும். 'ஜி.யு.6' என்றால் 3.42, 'ஜி.டி.4' என்றால் 3.73, 'ஜி.டி.5' என்றால் 4.10. இவை எல்லாம் ஃபேக்டரியில் பொருத்திய ஆக்ஸிலுக்கு மட்டுமே சாட்சி.

விகிதம் வேறு, சைஸ் வேறு

ஒரே சைஸில் பல விகிதங்கள் உண்டு. கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால், 41-ஐ 11-ஆல் வகுக்க 3.73.

தகடு இல்லையா? முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. தூக்கிய சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதுதான் விகிதம். மூன்றே முக்கால் என்றால் 3.73. லிமிடெட் ஸ்லிப் வகைக்கு மட்டும் இரண்டு சக்கரங்களையும் தூக்கி, ஒரு சுற்று சுற்றினால் போதும்.

நான்கு சக்கர டிரைவ் வண்டி என்றால் முன், பின் விகிதங்கள் ஒத்துப்போக வேண்டும். பொருந்தாத ஆக்ஸிலை மாட்டி, பிடிப்புள்ள சாலையில் 4 வீலில் ஓட்டினால், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே உலை வைத்துவிடும்.

போல்ட் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். பல் கணக்கு மாறாது. நம்மூர் லோடு வண்டிக்கும் அதே வகுத்தல்தான். மூடியை ஒரு போட்டோ எடுத்து, சைஸையும் விகிதத்தையும் போனில் குறித்துவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.