கட்டைவிரலுக்கு இரண்டு பட்டன்

புது மவுஸை வலது கையில் பிடித்தால் கட்டைவிரல் போய் நிற்கும் இடத்தில் இரண்டு சின்னப் பட்டன்கள். பிரவுசரில் பின்னால் உள்ளதை அழுத்தினால் முந்தைய பக்கம். முன்னால் உள்ளதை அழுத்தினால் அடுத்த பக்கம். ஆனால் பக்கம் என்றால் என்னவென்றே மவுஸுக்குத் தெரியாது.

பட்டனுக்கு அடியில் இருப்பது ஒரு குட்டி ஸ்விட்ச். மவுஸ் அனுப்பும் தகவலில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் இடம் உண்டு: அழுத்தினால் 1, விட்டால் 0. அதற்குப் பொருள் சொல்வது கம்ப்யூட்டரின் வேலை.

இதைக் கண்ணால் பார்க்க லினக்ஸ் வசதியானது.   

டெர்மினலில் 'எக்ஸ்இவி' என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு வெள்ளை ஜன்னல் திறக்கும். அதற்குள் மவுஸை வைத்து அழுத்த அழுத்த டெர்மினலில் எண்கள் ஓடும். இடது பட்டன் 1, சக்கரத்தை அழுத்தினால் 2, வலது 3. சக்கரத்தை மேலே உருட்டினால் 4, கீழே உருட்டினால் 5. உருட்டுவதும் அங்கே ஒரு பட்டன் கணக்குதான்! சக்கரம் பக்கவாட்டில் சாயும் மவுஸ் என்றால் அதற்கு 6, 7. கட்டைவிரல் பட்டன்களுக்கு 8, 9 வந்தது இப்படித்தான்.

எண் தெரிந்துவிட்டால் மாற்றுவது சுலபம். 'எக்ஸ்இன்புட்' கட்டளையால் 8ஐ 2 ஆக்கிவிடலாம். லினக்ஸில் தேர்ந்தெடுத்த எழுத்தை நடுப்பட்டன் ஒட்டும் அல்லவா? இனி கட்டைவிரலே ஒட்டிவிடும். ஆனால் லாகின் செய்யும்போது, திரையை இயக்கும் அமைப்பாக 'வேலாண்ட்' அல்ல, 'எக்ஸார்க்' தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மவுஸைக் கழற்றி மாட்டினால் மாற்றம் போய்விடும். மறுபடி கொடுக்க வேண்டும்.

சில மவுஸ்களுக்குள்ளேயே நினைவகம் உண்டு. 'பைப்பர்' என்ற மென்பொருள் அதிலேயே எழுதிவிடும். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அமைப்பு கூடவே வரும். எல்லா மாடலுக்கும் இது பொருந்தாது. வாங்குமுன் பைப்பரின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இடது கைக்காரர்கள் 1ஐயும் 3ஐயும் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பக்கப் பட்டன் வைத்த மவுஸ்களில் பெரும்பாலானவை வலது கைக்கு வார்த்தவை. இடது கையில் பிடித்தால் கட்டைவிரலுக்கு அந்தப் பட்டன்கள் எட்டாது. அதை எந்தக் கட்டளையாலும் மாற்ற முடியாது. கடையிலேயே கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதுதான் வழி.