கடிக்காத கொசு

மாலையில் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கும். சில பூச்சிகள் பார்க்கக் கொசு போலவே இருக்கும். ஆனால் கடிக்காது. இரத்தம் குடிக்கும் ஊசி போன்ற வாய் அவற்றுக்கு இல்லை.

இவை குளத்திலும் சாக்கடையிலும் முட்டை இடும். முட்டையிலிருந்து புழு வரும். புழு சேற்றில் வாழும். பல புழுக்கள் சிவப்பாக இருக்கும். ஏன்? நம் இரத்தத்தில் உள்ளது போன்ற சிவப்புப் பொருள் அவற்றின் உடலிலும் உண்டு. அதனால் பிராணவாயு குறைந்த சேற்றிலும் அவை பிழைக்கும். மீனுக்கு அவை நல்ல இரை.

இவற்றில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. புதிய இனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பூச்சியைப் பிடித்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கால், இறக்கை, வால் நுனி எல்லாவற்றையும் அளப்பார்கள். தெரிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள். எதோடும் ஒத்துவராவிட்டால் புதுப் பெயர் வைப்பார்கள். 1992-இல் சௌத்ரி, தாஸ், சப்லெட் என்ற மூவர் இந்தியாவில் வாழும் ஓர் இனத்துக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள். 'கைரோனோமஸ் ராமோசஸ்' என்பது அந்தப் பெயர்.

பெயர் எதற்கு? எது நோய் பரப்பும், எது பரப்பாது என்று பிரித்து அறிய அது உதவும்.

உங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். அடியில் சிவப்புப் புழு இருக்கிறதா? வண்டல் சேர்ந்துவிட்டது. தேய்த்துக் கழுவுங்கள். புழு மேலே வந்து மூச்சு வாங்கி, நெளிந்து ஓடுகிறதா? அதுதான் கடிக்கும் கொசுவின் புழு. உடனே தண்ணீரைக் கொட்டுங்கள். தொட்டியை மூடி வையுங்கள்.